குதிரைக் கண்ணுக்குள் நிற்கிறவர்

நேற்று எதிர்வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசம் வந்ததும் தொட்டில் எங்கே என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். சிரிக்காதீர்கள், அந்தத் தொட்டிலில் கிடந்தவனுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் உண்டு.

டர்பன்டைன் வாசத்தோடு தூக்கினால் அவன் பால் குடிக்க மாட்டான். கையைப் பயற்றுமாவு தேய்த்துக் கழுவி, பால் கொடுத்து, மறுபடியும் பிரஷ்ஷை எடுப்பேன். எழுத்து எனக்கு மூன்றாம் கிளாசோடு நின்றது. ஆனால் பாறசாலை முதல் நெய்யாற்றங்கரை வரை பந்தயக் குதிரைப் படம் வரைய நான் ஒருத்திதான்.

குன்னத்துகால் பங்களா முதலாளிக்கு மெட்ராசில் குதிரைகள் ஓடின. ஜெயித்த குதிரையின் போட்டோ வரும். பார்த்துக் கலரில் பெரிதாக வரையணும். நேரில் குதிரை கண்டவளா நான்? முதல் குதிரைக்கு எங்கள் பசுவின் காலை வைத்துவிட்டேன். "கொள்ளாம், நல்ல குதிரை. எவ்வளவு கறக்கும்?" என்றார் முதலாளி. பிறகு ஓட்டம் நின்ற கிழட்டுக் குதிரை ஒன்றைப் பங்களாவுக்குக் கொண்டுவந்தபோது கூப்பிட்டுக் காட்டினார். அதன் கண்ணுக்குள் முற்றமும் தென்னையும் பிள்ளையை இடுப்பில் வைத்த நானும் குட்டியாக நின்றோம்.

அப்போது எல்லைப் போராட்டம். எங்கள் ஊரும் தமிழ்நாட்டோடு சேரணும் என்று கொடி பிடித்து ஜாதா போகிற என் வீட்டுக்காரர், வீட்டில் இருந்தால் தொட்டில் ஆட்டுவார்.

"ஊரே எல்லைக்கு நிக்குது. நான் உனக்க குதிரைக்குத் தொட்டில் ஆட்டுறேன்."

"பிள்ளை முழிச்சா குதிரைக்கு வாலு கிடையாது, ஆட்டுங்க."

தன்னைப் போட்டோ எடுக்க மட்டும் சம்மதிக்க மாட்டார். "போலீசு கையில கிட்டினா தொலைஞ்சேன்" என்பார். ஜாதாவுக்குப் போகிறவர் திரும்பி வருவாரோ என்று எனக்குப் பயம். முகம் எங்கேயாவது இருக்கணும். ஒரு செம்பட்டைக் குதிரையின் கண்ணுக்குள், தொட்டில் கயிறு பிடித்த அவரைக் கடுகளவில் வரைந்தேன். குனிந்து பார்த்தார்.

"எட்டீ, நான் இவ்வளவு கறுப்பா?"

"குதிரைக்க கண்ணு கறுப்பாக்கும்."

படம் பங்களாவுக்குப் போயிற்று. போலீசுக்குத் தப்பியவரை மறு மழையில் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எல்லை பிரித்தபோது நாங்கள் தமிழ்நாட்டில் சேராமல் இந்தப் பக்கம் ஆனோம். முதலாளி பங்களாவை விற்றுப் படங்களோடு மெட்ராசுக்குப் போனார். பங்களா இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

நீயே அவரை மறுபடி வரைந்திருக்கலாமே என்பீர்கள். உட்கார்ந்தேன். தொட்டில் ஆட்ட ஆளில்லை.

"அப்பா எப்படி இருப்பாரம்மா?" மகன் இன்றைக்கும் கேட்கிறான்.

உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுச் சுவரில் செம்பட்டைக் குதிரை இருந்தால், கண்ணருகே விளக்கைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எங்கள் வீட்டுக்காரர்.