மூன்று பிரேம்களும் என் விரல்களும்

கீமோ முடிந்த சில மாதங்களில் தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டது. விரல் நுனிகளில் மட்டும் மரத்துப்போன உணர்வு தங்கிவிட்டது. வெங்காயம் உரிக்கும்போது தோல் எது, விரல் எது என்று தெரியாது. ஆனாலும் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிப் போகும் சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

கணவர் மறுக்கவில்லை. தார் ரோட்டிலும் கரட்டுப் பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள்களைப் பற்றி செல்போனில் படித்துத் தள்ளினார். பிரேம், அதாவது சைக்கிளின் சட்டகம், எதில் செய்தது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். கடைசியில் கள்ளக்குறிச்சி சைக்கிள் நண்பர்களிடம் மூன்று வகை பிரேமில் மூன்று வண்டிகளை இரவல் வாங்கி, மினி லாரியில் மலைக்கு ஏற்றி வந்தார். மூன்றிலும் ஒரே அளவு காற்று வைத்தார். டயரில் வித்தியாசம் இருந்தால் பிரேமைப் பற்றி ஒன்றும் தெரியாதாம்.

முதலில் அலுமினியம். தூக்கினால் லேசு. ஓட்டினால் ஒவ்வொரு கல்லின் அதிர்வும் முழங்கை வரை ஏறியது. திரும்பி வந்ததும் அவர் தன் முழுக்கைச் சட்டையின் கையை நீட்டினார்.

"இந்தப் பட்டனைப் போடு, பாக்கலாம்."

பட்டன் எங்கே இருக்கிறதென்றே விரலுக்குத் தெரியவில்லை.

"இன்னாங்க இது, பரீட்சையா?"

"ஆமா. உனக்கில்ல, சைக்கிளுக்கு."

அடுத்தது கார்பன் இழை. மெத்தை மாதிரி போனது. வந்தவுடன் பட்டனைப் போட்டுவிட்டேன். ஆனால் வழியில் ஒரு கல் தெறித்து பிரேமின் கீழ்ப்பக்கக் குழாயில் பட்டபோது இறங்கி, கீறல் தேடினேன். கார்பனில் உள்ளே விரிசல் விட்டாலும் சில சமயம் வெளியே தெரியாது என்று படித்திருந்தோம். வெளியே தெரியாத ஒன்றைச் சுமக்கும் பயம் எனக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

ஸ்டீல் கனம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கல்லில் இறங்கியபோதோ அதிர்வு அடங்கியே கைக்கு வந்தது. கொஞ்சம் தடுமாறினாலும் பட்டனைப் போட்டேன்.

"கார்பன்ல சீக்கிரமா போட்டியே?"

"போட்டேன். ஆனா பயந்துக்கினே ஓட்டுனேங்க."

அவர் ஸ்டீல் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இதுல வெயிட்டு ஜாஸ்தி. நீ இப்பதான் தேறி வர்றே."

"ஏற முடியலன்னா தள்ளிக்கினு போறேன்."

ஸ்டீல் சைக்கிளே வாங்கினோம். முதல் நாள், மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே இறங்கித் தள்ளினேன். பின்னால் பைக்கில் வந்த கணவர், "கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்று நிஜமாகவே கேட்டார்.

"நீங்க முன்னால போய் டீ சொல்லுங்க, வந்துடுறேன்."

அவர் போகவில்லை. பைக்கை அணைத்துவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.