ஐஸ் அக்கா எண்ணிய ஐந்து வரிசை

துறைமுகத்தை ஒட்டி ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறவளை எல்லாரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரில்தான் குளிர்ச்சி, வாயைத் திறந்தால் அனல் பறக்கும்.

பதினைந்து வருஷமாக, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கடல் பொங்கி ஃபேக்டரிக்குள் வந்துவிடுகிறது. மோட்டார் நனைந்து நாலு நாள் ஐஸ் இருக்காது. படகுக்காரர்கள் மீனை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் வாசற்படியை ஒரு வரிசைச் செங்கல் ஏற்றிக் கட்டுவார். மனுஷன் மெக்கானிக், கொத்தனார் இல்லை. படியைப் பார்த்தாலே தெரியும்.

இந்த வருஷம் மீனவர் சங்கத்துக்கு ஒரு தொகை வந்தது. கரையில் இரண்டடிச் சுவர் எழுப்பலாம். அல்லது ஏலக்கூடத்தையும் ஐஸ் ஃபேக்டரியையும் மேட்டுச் சாலைக்கு மாற்றலாம். இரண்டுக்கும் காணாது. அக்கா சுவர் கட்சி. மேட்டுக்குப் போனால் யார் ஏறி வருவார்கள்? பக்கத்துத் துறையில் ஐஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டால் இருபத்தாறு வருஷப் பிழைப்பு அதோடு சரி.

கூட்டத்தன்று காலை செயலாளர் சங்க நோட்டோடு வந்தார்.

"அக்கா, கடல் உள்ள வந்த அஞ்சு தடவையும் நீங்க சொன்ன அளவைத்தான் எழுதியிருக்கேன். 'படிக்கு மேல நாலு விரல்.' ஒரு தடவைகூட கூடல. ரெண்டடி சுவர் நாப்பது வருஷம் தாங்கும்!"

அவர் போன பிறகு வாசற்படியிலிருந்து இறங்கக் கால் வைத்த அக்காவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் சிரித்தார்.

"இன்னும் ஒரு வரிசை கட்டினேன்னா உனக்கு ஏணிதான் போடணும்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து எண்ணினாள். ஐந்து வரிசை, ஒன்றரை அடி. ஒவ்வொரு தடவையும் ஏறிய படியிலிருந்துதானே அவள் அளந்திருக்கிறாள்!

"என்னங்க, படியோட சேர்ந்து கடலும் ஏறியிருக்கு. இப்படியே போனா சுவர் இருபது வருஷம்கூட தாங்காது."

"நீ சும்மா இருந்தா சுவர் வரும், நம்ம இடம் தப்பும். யோசிச்சுக்கோ."

யோசித்தாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் செயலாளர், "வெள்ளம் வருமுன் அணை போட வேண்டாமா?" என்று ஆரம்பித்ததுமே அக்கா எழுந்தாள். செங்கல் கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். "தப்பான அளவு சொன்னது நான்தான்" என்றாள். ஒரு படகுக்காரர் எகிறினார்.

"அப்ப நாங்க மேடு ஏறணுமா?"

"வேண்டாம்பா. வண்டியில நானே இறக்கித் தர்றேன். விலை அதேதான்."

நாலு கை வித்தியாசத்தில் மேடு ஜெயித்தது.

மேட்டில் மெஷின் ஓட ஆரம்பித்த இரண்டாம் மாதமே கடல் பொங்கியது. காலியான பழைய கட்டடத்தில் இடுப்பளவு தண்ணீர். மேலே புது ஃபேக்டரியில் ஐஸ் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்குக் காத்திராமல் படகுக்காரர்களே ஏறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் தயங்கி நின்றார்கள்.

"நாங்க பக்கத்துத் துறைக்காரங்க. அங்க ஃபேக்டரி முழுகிடுச்சு. எங்களுக்கும் தருவீங்களாக்கா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தராம என்ன? எத்தனை கட்டி வேணும், சொல்லுங்க."