தலைக்கு மேல் சுழன்ற துண்டு

பாம்பனில் எனக்கும் காசிமுக்கும் அப்போது இருந்த ஒரே பைத்தியம் அலையேறுவதுதான். பழைய கட்டுமரக் கட்டையில் படுத்துக்கொண்டு, பவளப்பாறைக்கு மேலே உடையும் அலையோடு கரைக்கு வருவோம். பாறைமேல் தண்ணீர் போதாவிட்டால் உடம்பு கிழிந்துவிடும். அதனால் முதலில் கரையேறியவன் அலையைப் பார்த்துத் துண்டை வீசுவான். அடுத்தவன் பிறகுதான் கிளம்புவான்.

அன்று முதல் முறையாகக் கட்டையில் நின்றபடியே நான் கரை சேர்ந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெருமையில் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினேன். அலையைப் பார்க்கவில்லை. அதையே சைகை என்று நம்பிக் காசிம் கிளம்பிவிட்டான்.

தூக்கி வந்தபோது அவன் முழங்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஓடிவந்த அவன் தகப்பனார், "ஏலே, துண்டு வீசுறதுக்கு முன்னாடி ஏன்டா கிளம்புன?" என்று கேட்டார்.

"அவசரப்பட்டுட்டேன் அத்தா" என்றான்.

ஈரத்துண்டை நான் மறுபடி தலையில் கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு அவனால் கடலுக்குப் போக முடியவில்லை. போன மாதம் அவன் மனைவி என்னிடம், "அன்னைக்கு இவுக ஏண்ணே அப்படி அவசரப்பட்டாக?" என்று கேட்டாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த காசிம் நிமிரவே இல்லை.

"வயசு அப்படிம்மா" என்றேன்.

அன்றே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். அதைச் செய்யாத அவன்மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.