அலுமாரியில் வைத்த பாஸ்போர்ட்

தங்கச்சி பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன வருஷம்தான் நான் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். பெய்ரூட்டில் சண்டை ஓயவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்; பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்காதே, வீட்டுக்கார மேடத்திடம் கொடு, அவவின் இரும்பு அலுமாரியில் பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுக்கு எழுதினேன். மேடம் பிரெஞ்சுக்காரி.

பிறகு தங்கச்சியைக் கனடாவுக்கு எடுக்க அலுவல் பார்த்தேன். பாரிஸ் வழியாக வரவேண்டும். அதற்குப் பெய்ரூட்டிலுள்ள பிரெஞ்சுத் தூதரகம் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்தவேண்டும். குண்டு வெடித்தால் தூதரகம் மூடும், ஒரு வாரம் அமைதியென்றால் திறக்கும். ஐரோப்பிய மந்திரிமார் பேசுவதை ஜாதகம் கேட்பதுபோலக் கேட்டேன். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த, நான் அண்ணை என்று கூப்பிடும் மூத்தவருக்குப் பிரெஞ்சு தெரியும். டிவியில் செய்தி வந்தால் சமைத்துக்கொண்டிருப்பவரைக் குசினியிலிருந்து இழுத்து வருவேன்.

"என்ன அண்ணை சொல்லுறாங்கள்?"

"ஆழ்ந்த கவலையாம்."

"அப்ப ஏதும் செய்வாங்கள்தானே?"

"நீயும்தான் ரெண்டு வருஷமா ஆழ்ந்த கவலையில இருக்கிறாய். என்னத்தைக் கிழிச்சனி?"

ஒரு மாலை அவரே என்னைக் கூப்பிட்டார். பிரான்ஸ் கப்பல் அனுப்புகிறதாம். நான் டிவியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டேன்.

"பொறடாப்பா. தங்கட சனத்தை ஏத்த."

திரையில் ஒரு பெண் நாய்க்குட்டியை அணைத்தபடி கப்பலில் ஏறினாள்.

மூன்றாம் நாள், புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. தங்கச்சி.

"அண்ணை, மேடம் ஆக்கள் கப்பலில போயிட்டினம்."

"உன்ர பாஸ்போர்ட்?"

"அலுமாரியில இருந்த கடதாசியெல்லாத்தையும் ஒரு பையில அள்ளிக்கொண்டு போயிட்டா. என்ரயும் அதுக்குள்ளதான்."

"ஏன் பிள்ளை அவவிட்டக் குடுத்தனி?"

"நீங்கள்தானே எழுதினனீங்கள்."

கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"பூச்செடிக்குத் தண்ணி விடச் சொல்லிட்டுப் போனவ. இஞ்ச குடிக்கவே தண்ணி இல்லை, அண்ணை."

லைன் அறுந்தது.

மறுநாளிலிருந்து அண்ணை எனக்காக இடம் இடமாகப் பிரெஞ்சில் விசாரித்தார். எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்களாம்: பாஸ்போர்ட் இல்லாமல் முத்திரையை எதில் குத்துவது?

அதன்பிறகு வேலைக்குப் போகமுன் தினமும் பெய்ரூட்டில் மேடம் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சுழற்றினேன். யாரும் எடுக்கவில்லை. ஆனால் மணி அடித்தது. அடிக்கிறதென்றால் வீடு இடியவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஒரு திங்கட்கிழமை மணியும் அடிக்கவில்லை.

"லைன் பழுதாயிருக்கும்," என்றார் அண்ணை. எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிற மனிதர், அன்று விடவில்லை. பாரிஸில் மேடத்தைத் தேடிப் பிடிக்கலாம் என்றேன்.

"பேர் என்ன?" என்று பேனையை எடுத்தார்.

இவ்வளவு பயந்தவன், அதை மட்டும் தங்கச்சியிடம் கேட்டு வைக்கவில்லை. அவள் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவுமில்லை.