ஒன்பது அட்டைகளின் ஓரம்

விருத்தாசலம் நான் போகவேண்டும் என்று நினைத்துப் போன ஊர் அல்ல. சேலம் வண்டிக்காக ஜங்ஷனில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பீங்கான் கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார். சேலத்திலும் எனக்கு யாரும் இல்லை. எழுந்து அவர் பின்னால் போனேன். ஒன்றரை வருடம் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எந்த ஊரிலும் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

என் படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். சேர்த்துப் படித்தால் மூச்சு வாங்கும். படுக்கை, கம்பெனியின் வைக்கோல் கொட்டகையில். மழைக்காலத்தில் வைக்கோலில் பூரான் வரும். மற்றபடி குறை சொல்ல முடியாது.

பொம்மை, டீ கப், பியூஸ் கட்டை எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி, நடுவே வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்குவது வேலை. அந்தப் பேப்பர் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் படித்துத் தூக்கிப் போட்ட பத்திரிகைகளை அப்படியே அழுத்தி, இரும்புக் கம்பியால் கட்டி, பெரிய பெரிய சிப்பமாக அனுப்புவார்கள். அதன் மை வெள்ளைப் பொம்மையில் ஒட்டாது என்று எங்கள் முதலாளிக்கு அதன்மேல் ஒரு பிரியம். சிப்பத்துக்குள் சமயத்தில் வேறு பொருளும் இருக்கும். பேனா, வாழ்த்து அட்டை, ஒருமுறை ஒற்றைக் காலுறை. கம்பியை வெட்டுகிறவனுக்கே உள்ளே கிடைப்பது சொந்தம் என்பது எங்களுக்குள் பழக்கம். முதலாளிகூட அதில் தலையிட மாட்டார்.

அன்று கம்பியை வெட்டியது நான். பத்திரிகைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் வந்தது. அதில் ஒன்பது பைகள். ஒவ்வொரு பையிலும் சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை. அட்டைக்கு ஒரு ஆள் படம். தொப்பி போட்டவன், தடியை ஓங்கியவன், ஒரு கையில் மட்டும் முறம்போல உறை மாட்டியவன். பின்பக்கம் பொடி எழுத்தில் எண்கள், எறும்பு ஊர்வது மாதிரி.

எதிர் மேசையில் பினிஷிங் வேலை செய்த அக்கா எட்டிப் பார்த்தார். “யாருப்பா இவன்? தோசை திருப்புற மாதிரி நிக்கறான்.”

“கிரிக்கெட்டா இருக்கும்க்கா.”

“கிரிக்கெட்டு கட்டை தட்டையா இருக்கும்டா. இது உலக்கை.”

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு மேடாக நிற்கும். பிசிறு என்போம். அதைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து இல்லாமல் ஆக்குவதுதான் பினிஷிங். பதினைந்து வருடமாக அதைச் செய்து அவர் விரல் நுனிகளில் ரேகை இல்லை. பெண்ணாடம் ரோட்டில் ஒற்றை அறை வீடு. புருஷன் கரும்பு வெட்டப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதை அவர் பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சொந்தமாகப் பன்னிரண்டு பிளாஸ்டர் அச்சு. அது இருந்தால் வீட்டிலேயே பொம்மை வார்த்து, பொதுச் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டு, தானே விற்கலாம். அடுத்தவன் பொம்மையைத் தடவிக்கொண்டு உட்கார வேண்டாம். புது அச்சின் விலை அவர் கைக்கு எட்டவில்லை.

எனக்கு வைக்க இடமில்லாததால் அட்டைகளை அவரிடம் கொடுத்தேன். “விக்குமான்னு பாக்கறேன்க்கா. வித்தா ஆளுக்குப் பாதி.”

“எனக்கு எதுக்குடா பாதி?”

“பன்னெண்டு அச்சுக்கு.”

சிரித்தார். ஆனால் அட்டைகளை வாங்கி முந்தானையில் துடைத்துத்தான் பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், அவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ஓர் அட்டையின் எழுத்துகளையும் பின்பக்க எண்ணையும் ஒரு தாளில் படம் வரைவதுபோலப் பார்த்து வரைந்துகொண்டு, கடைவீதியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்தியவர் காலேஜ் முடித்து அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். என் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

“இது எழுத்தா, கோலமா?”

“எழுத்துதான் மேடம்.”

“மேடம்லாம் வேணாம். செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க.”

அவர் தட்டினார். மெதுவாக, மேலிருந்து கீழாக, திரை போடுவதுபோல ஒரு படம் இறங்கியது. முதலில் தொப்பி, அப்புறம் நெற்றி, அப்புறம் தடி. அதே ஆள். அதே நிறம். அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறவன் இங்கே கண்ணாடிக்குள் நிற்கிறான். நான் அதுவரை நாலைந்து மாநிலங்கள் சுற்றியவன், கடலை மூன்று பக்கமும் பார்த்தவன். குப்பையில் வந்த ஒரு துண்டு அட்டைக்கு உலகத்தின் அந்தக் கோடியில் யாரோ பெயரும் எண்ணும் கொடுத்துக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“இது பேஸ்பால். அமெரிக்கா விளையாட்டு. இந்தக் கார்டைச் சேத்து வச்சு விக்கறாங்க,” என்றார். திரையில் ஒரே அட்டை, ஒரே ஆள். ஓர் இடத்தில் ஒரு டாலர். அதற்குக் கீழே நானூறு டாலர்.

“ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் இப்படி?”

“கண்டிஷனாம். ஓரம், மூலை இதெல்லாம் பாத்துதான் வெலை போடுவாங்களாம். எப்படின்னா…”

கரண்ட் போய்விட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அவர் காசு வேண்டாம் என்றார்.

நேராக அக்கா வீட்டுக்கு நடந்தேன். நானூறு டாலரை ரூபாயில் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒண்ணுக்கா?”

“ஒண்ணுக்குத்தான்க்கா. ஆனா கண்டிஷன் பாப்பாங்களாம். ஓரமும் மூலையும் நல்லா இருக்கணுமாம்.”

“ஓரமா?” என்றார். ஓரம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அட்டைகளை வாங்க அவர் வீட்டுக்குப் போனபோது, ஒன்பதையும் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். எனக்கு முதலில் வேறு அட்டைகளோ என்று தோன்றியது. கப்பலில் வந்த அழுக்கு இல்லை. ஈரப்பதமான ஸ்பாஞ்சால் துடைத்திருந்தார். ஓரத்தில் நார்நாராக நின்ற பிசிறு இல்லை. பினிஷிங் கத்தியால் சீவியிருந்தார். கூராக இருந்த நாலு மூலையையும் உப்புத்தாளால் தேய்த்து மொழுமொழுவென்று வளைத்திருந்தார். பீங்கானில் கூர்மூலை என்றால் குறை. முதலில் உடைவது அதுதான்.

“ஒரு பிசிறு இருக்குதா பாரு,” என்றார். “கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு.”

தடவினேன். இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார்.

அந்தப் பெண் அட்டையைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. கம்ப்யூட்டரில் எதையோ படித்தார். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னார். “மிஷின்ல வெட்டினப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்கணுமாம்க்கா. மூலை கூரா இருக்கணும். கத்தி, ஈரம் எதுவும் படக்கூடாது. வெட்டியிருந்தா… யாரும் வாங்க மாட்டாங்களாம்.”

“அழுக்கோடவேவா?”

“அழுக்கோடவே.”

“பிசிறோடவேவா?”

“ஆமாக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். “மூலை பாப்பாங்கன்னியே?”

“பாப்பாங்கன்னுதான் தெரியும்க்கா. எப்படிப் பாப்பாங்கன்னு…” கரண்ட் போனதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. நானூறு டாலர் என்று கேட்ட காதுக்கு, விஷயத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது தோன்றவில்லை.

“தொடாம வச்சிருக்கறவனுக்குக் காசு,” என்றார் அக்கா. “என்னா ஊருடா அது.” கோபம் இல்லை. நிஜமாகவே வியந்து கேட்டார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொட்டகையில் ஒரு பொருள் எத்தனை கை தாண்டி வருகிறதோ அத்தனை விலை. அங்கே யாரும் தொடாத நாளுக்கு விலை.

அந்தப் பெண்ணுக்கு எங்களைச் சும்மா அனுப்ப மனமில்லை. “எதுக்கும் ஸ்கேன் பண்ணிப் பாப்போம்” என்று ஓர் அட்டையை மிஷினில் வைத்து மூடினார். பச்சை வெளிச்சம் ஓடியது. திரையில் அக்காவின் அட்டை, பக்கத்தில் நானூறு டாலர் அட்டை. இரண்டின் ஓரத்தையும் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஓரம் திரையளவு ஆனது.

அமெரிக்க மிஷின் வெட்டியது வைக்கோல் போர் மாதிரி இருந்தது. நார் நாராக, மேடும் பள்ளமும். அக்கா வெட்டியது ஒரு கோடு. மேலிருந்து கீழ்வரை எங்கேயும் தடுமாறாத ஒரே கோடு. மூலைக்கு வந்ததும் தண்ணீர் திரும்புவதுபோலத் திரும்பியது. மற்ற மூன்று மூலைகளையும் அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் காட்டினார். நாலும் ஒரே வளைவு. அளவுகோல் இல்லாமல், காம்பஸ் இல்லாமல், நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில் செய்தது.

பின்னால் காத்திருந்த ஆள்கூட எழுந்து வந்து பார்த்தார்.

“இது என் கையா பாப்பா?” என்றார் அக்கா.

“உங்க கைதான்க்கா.”

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. தன் விரல்களை விரித்து, திரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினைந்து வருடமாக அவர் செய்த வேலை, செய்து முடித்ததும் காணாமல் போகிற வேலை. அன்றுதான் முதல்முறையாக அதை அவர் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். தினமும் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

திரும்பி வரும்போது அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கம்பெனிக்கு நடந்தார். முதலாளி ஞாயிறு கணக்குப் பார்க்க வந்திருந்தார்.

“பின்னாடி கெடக்குற பழைய அச்செல்லாம் என்ன பண்ணப் போறீங்க?” என்றார் அக்கா.

“என்ன பண்றது, ரோட்டுப் பள்ளத்துல கொட்ட வேண்டியதுதான். ரெண்டு பாதியும் சேர்ற வாய் தேஞ்சுபோச்சு. அதுல வார்த்தா கோடு வெரல் மொத்தத்துக்கு நிக்குது.”

“நான் எடுத்துக்கறேங்க.”

“எம்மா, ஒரு பொம்மையச் சீவறதுக்குள்ள நாலு பொம்மை நேரம் ஆவும். வேற வேலை இல்லியா உனக்கு?”

“நேரம் ஏங்கிட்ட இருக்குது.”

முதலாளி சிரித்துக்கொண்டே எடுத்துப் போகச் சொன்னார். பன்னிரண்டு இல்லை, இருபத்திரண்டு இருந்தது. நனைந்த பிளாஸ்டர் கல்லாகக் கனத்தது. சைக்கிளில் இரண்டிரண்டாகக் கட்டி நான் பதினொரு நடை போனேன். என் தவறுக்கு அதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

பகலில் கம்பெனி, விடியற்காலையில் வீட்டில் பொம்மை என்று இரண்டு மாதம் அவர் வார்த்துச் சீவினார். ஆனால் சீவிய கோடு சூளையின் சூட்டில் மறுபடி எழும்பி வருவதுண்டு. கைக்குத் தெரியாத கோட்டைக்கூட நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும். பொதுச் சூளையில் அவர் சரக்கு வெளியே வந்த அன்று நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். அக்கா சூளையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரக்கு வாங்க வந்திருந்த வியாபாரி முதல் பொம்மையை எடுத்து நகத்தால் தட்டினார். கட்டைவிரலைப் பொம்மையின் காது ஓரமாக வைத்துத் தோள் வழியே கீழே இழுத்தார். நின்றார். மறுபடி காதிலிருந்து இழுத்தார். பிறகு பொம்மையை வெயிலுக்குத் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கோடு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

“என்னாங்க?” என்றார் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே.

“புது அச்சாம்மா இது? கோடே இல்லியே. எங்க வாங்கின?”

அக்காவின் தோள்கள் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். வியாபாரி இரண்டாவது பொம்மையை எடுத்தார்.