பத்தில் ஒரு வாஷர்

பம்மலில், தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையின் மேற்பார்வையாளர் அவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. பேசும்போதெல்லாம் ஒரு வாஷரை விரல்களால் நசுக்கி, அது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் பட்டறையும் ஒரு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து புதிய தண்ணீர் மோட்டார் ஒன்றை உருவாக்கி வந்தன. இரண்டும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று இரு தரப்பையும் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. எந்த ஒன்றில் மதிப்பெண் குறைந்தாலும் திட்டம் நின்றுவிடும். தகவல் பகிர்வு, வரைபடத் திருத்தம், மாதிரிச் சோதனை என்று நான் கொடுத்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் அவர் மோட்டார் கம்பெனிக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு குறைகூடவா இல்ல சார்?"

"இன்னா மேடம், நல்லா கீதுன்னா அதுக்கும் கேள்வியா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மோட்டார் கம்பெனிக்கு சாம்பிள் வாஷர் பத்து அனுப்புனா, அதுல ஒண்ண வேணும்னே டேமேஜா வெப்பேன். டெஸ்ட் பண்றவங்களா இருந்தா அது திரும்பி வந்துரும்."

"வந்துச்சா?"

"போன வாட்டி வரைக்கும் வந்துது. இந்த வாட்டி பத்தும் ஓகேன்னு மெயில் வந்துகீது."

"அப்ப சோதனைக்கு எதுக்கு அஞ்சு போட்டீங்க?"

"நீங்க கேக்குறீங்களான்னு பார்த்தேன்."

"இத நான் குறைச்சா வேலை நின்னுடும் சார்."

"நிக்கட்டும் மேடம். கரன்ட் மோட்டாரு. தண்ணி உள்ள பூந்தா எவனாவது தொட்டு சாவான்."

அந்த ஐந்தை ஒன்றாகத் திருத்தினேன். மீதிப் பதினொரு ஐந்துகளில் எதை நம்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.