மூன்றாம் பந்தியும் என் பிறந்த ஊரும்

பதினெட்டு வருடமாகக் கல்பிட்டிப் பிரதேச சபையில் கூட்டறிக்கை எழுதுகிறேன். எழுதுவினைஞர் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை நான் ஒரேயொரு முறை மீறினேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கவனமாகப் படிக்கவும்.

1. அளவுநாடா

ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு சீனர் நாடா பிடித்து மணலை அளந்தார். குறித்துக்கொண்டார். மறுபடி அளந்தார். கடலட்டைப் பண்ணைக்கு வந்தவர் என்றார்கள். நான் நம்பவில்லை. பண்ணைக்காரன் ஒரே இடத்தை ஏன் இரண்டு தரம் அளக்கிறான்? சபைத் தலைவரான தவிசாளரிடம் போய் என் சந்தேகத்தை ஊதினேன். ஒரு மாதத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு சந்தேகம் இருந்தது. வெளியாருக்குத் தங்குமிடமோ கடை அனுமதியோ ஒரு வருடத்துக்குக் கொடுப்பதில்லை என்று பிரேரணை வந்தது.

"சீனன் எண்டு பேர் போட ஏலா தம்பி, வம்பு வரும். பொதுவா எழுதுங்க" என்றார் தவிசாளர்.

அலுமாரியில் ஒரு பழைய வரைவு கிடந்தது. 'இப்பிரிவில் பிறவாத எவரும் வெளியார்' என்ற மூன்றாம் பந்தி தயாராகவே இருந்தது. அப்படியே தட்டச்சில் அடித்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

2. மனைவியின் படிவம்

வருடம் முடிந்து, பிரேரணையை நீடிக்கும் விவாத நாள் வந்தது. காலையில் என் மனைவி ரினோஸா தன் தையல் கடை அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க, பிறந்த இடம் மன்னார் எண்டுதானே போடணும்?"

மன்னார் எங்கள் பிரிவில் இல்லை; மூன்றாம் பந்திப்படி அவள் வெளியார். போன வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை; இப்போது பிரேரணையை நீடித்து, யாராவது கவனித்தால் அவள் கடையைப் பூட்ட வேண்டும். அலுவலகத்துக்கு ஓடிப்போய் அந்தப் பழைய கோப்பின் அட்டையைப் பார்த்தேன். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாங்கள் வந்திறங்கிய மறுவருடம், எங்களைத் தடுக்க யாரோ எழுதி, நிறைவேறாமல் போன வரைவு அது. என் வாப்பாவுக்கு எதிராக எழுதியதை நானே ஓர் எழுத்து மாறாமல் அடித்திருக்கிறேன்.

3. சபை

"அவனுகள் விட்டா கடலயும் சுருட்டிக்கிட்டுப் போவானுகள். அஞ்சு வருசம் நீட்டுங்க!" என்றார் உச்சமுனை உறுப்பினர். தவிசாளர் இருமினார், நானே வெளியார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்; அவரும்தான் என்று நினைத்தேன். வியர்வையில் அறிக்கைத் தாள் ஒட்டிக்கொண்டது. கை உயர்த்தினேன்.

"என்ன தம்பி, கக்கூசுக்கா?" என்றார் தவிசாளர். சபை சிரித்தது.

"இல்ல ஹாஜியார். மூண்டாம் பந்திய ஒருக்கா வாசிக்கணும்."

வாசித்தேன். சிரிப்பு நின்றது.

"நீங்க எங்க பிறந்த?" என்று தவிசாளர் கேட்டார்.

"மன்னார். என்ட பொஞ்சாதியும் மன்னார்."

உச்சமுனைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "என்ட மருமகனும் மன்னார்தான். கல்பிட்டியில ரெண்டு கடை வச்சிரிக்கி."

"அப்ப, சீனன் வாரவரைக்கும் நாங்கதான் சீனனா?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"யார் இத எழுதின?" என்றார் தவிசாளர்.

"நான்தான்."

வழிமொழிய ஆளில்லாமல் பிரேரணை விழுந்தது. ரினோஸாவின் கடை திறந்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதையும் நானே அடித்தேன்.

நாடாக்காரர் இன்னும் அளக்கிறார். நான் இன்னும் அவரை நம்பவில்லை. ஆனால் யாரையாவது வெளியே நிறுத்தும் பந்தி மேசைக்கு வந்தால், என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது அடிக்கத் தொடங்குகிறேன்.